காட்டெருமைக்குக் கேட்காத பூட்ஸ்

புதுத் தோலின் வாசனை, காய்ந்த கிறிஸ்துமஸ் மரத்தின் வாசனை, சமையலறையில் அம்மா உருக்கிக்கொண்டிருந்த வெண்ணெயின் வாசனை, இந்த மூன்றும் ஒரே அறையில் கலந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், ஆப்பிரிக்கா மாதிரி இருக்கும் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் அந்த வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டுதான், ஒன்பது வயதில், அப்பாவை ஆப்பிரிக்காவுக்குப் போகவிடாமல் தடுக்க ஒரு ஜோடி பூட்ஸ் போதும் என்று நான் மனதார நம்பினேன்.

எழுபதுகளின் தொடக்கம். மான்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷனில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. அப்பா பல்கலைக்கழகத்தில் மாட்டு நோய்களை ஆராய்கிறவர். வளர்ப்பு மாடுகளுக்கு வரும் ஒரு காய்ச்சல் காட்டெருமையிடமிருந்து வருகிறதா என்று பார்க்க அவர் கென்யா போவதாக ஏற்பாடாகியிருந்தது. அங்கே ஒரு வேட்டைக்காரர் காட்டெருமையைச் சுடுவார். அது விழுந்த கையோடு அப்பா ஓடிப்போய் ரத்தம் எடுக்க வேண்டும். வெங்காயத்தையே யோசித்துச் சாப்பிடுகிற எங்கள் வீட்டில் இந்தச் செய்தி எப்படி இறங்கியது என்று கேட்கிறீர்களா? அம்மா அன்று சாமி அலமாரியில் இரண்டு விளக்கு அதிகமாக ஏற்றினாள். மறுநாள், "சுடறது அவன். நீங்க ரத்தம்தானே எடுக்கறீங்க. பாவம் அவனோட சரி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஊறுகாய் பாட்டில் கழுவப் போய்விட்டாள்.

எனக்கு அப்படித் தீரவில்லை. ஆப்பிரிக்கா என்றால் எனக்குத் தெரிந்தது பள்ளி நூலகப் புத்தகத்தில் இருந்த ஒரே ஒரு படம்: மரத்தடியில் கண்ணைச் சொருகிக்கொண்டு படுத்திருக்கும் சிங்கம், பக்கத்தில் ஆளில்லாத ஒரு தொப்பி. தொப்பிக்காரர் எங்கே என்று படத்தின் கீழே எழுதியிருக்கவில்லை. எழுதவும் தேவையில்லை.

அந்த நேரத்தில்தான் வேட்டைக்காரரின் கடிதம் வந்தது. அப்பா அதைச் சாப்பாட்டு மேஜையில் தமிழாக்கிப் படித்துக் காட்டினார். வண்டி போகாத புதர்க்காடு, நடந்துதான் போக வேண்டும், பூட்ஸ் காலுக்குச் சுகமாக இருக்க வேண்டும், அதைவிட முக்கியம், சத்தமே வரக்கூடாது, சத்தம் போடுகிற பூட்ஸோடு யாரும் என்னுடன் வர வேண்டாம். இந்தக் கடைசி வரி என் காதில் தேனாக விழுந்தது. சத்தம் போடும் பூட்ஸ் இருந்தால் அப்பா போக முடியாது. அவ்வளவுதானே?

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மூஸ் என்கிற பெரிய மானை வேட்டையாடப் போகிறவர்கள் சாமான் வாங்கும் ஒரு கடைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரக் கிழவருக்கு ஆங்கிலம் அரைகுறை, அப்பாவுக்குப் பிரெஞ்சு "போன்ஷூர்", "மெர்சி" இரண்டோடு சரி. அப்பா தலைக்கு இரண்டு பக்கமும் விரலைக் கொம்பாக வைத்துக் காட்டி, உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றார். கிழவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மூன்று ஜோடிகளைக் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்குள் போட்டுப் பாருங்கள், தெருவில் மட்டும் மிதிக்காதீர்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கொண்டுவாருங்கள் என்றார்.

வாசலோடு செருப்பைக் கழற்றும் வீட்டில் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பதா? அப்பா பயந்துகொண்டேதான் கேட்டார். அம்மா மூன்று ஜோடியின் அடிப்பாகத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தெருவ மிதிக்கற வரைக்கும் இது செருப்பு இல்ல, சாமான். ஆனா சாமி அலமாரிப் பக்கம் வரக்கூடாது" என்றாள்.

அடுத்தது காடு. பண்டிகை முடிந்து எல்லா வீட்டு வாசலிலும் பனிமேட்டின் மேல் கிறிஸ்துமஸ் மரங்களைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். நானும் அப்பாவும் இரண்டு மரங்களை மாடிக்கு இழுத்துவந்து, சுள்ளிகளை ஒடித்து, காய்ந்த இலைகளை உதறி, கூடத்தில் பரப்பினோம். ஒரு மணி நேரத்தில் எங்கள் வீட்டுக் கூடம் கென்யா ஆகிவிட்டது. நான் காட்டெருமை. சுவரைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்; பின்னால் சத்தம் கேட்ட உடனே கையைத் தூக்க வேண்டும். எத்தனை எட்டு வைத்தபோது கை தூக்கினேன் என்று அப்பா ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொள்வார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஐந்து முறை. ஆராய்ச்சிக்காரர் இல்லையா, ஒரு முறையில் அவருக்கு மனசு ஆறாது.

முதல் ஜோடி ரப்பர், பனிக்கானது; அதை அப்பாவே இரண்டு எட்டில் கழற்றிவிட்டார், கால் வேகிறது என்று. இரண்டாவது மெத்தென்ற தோல், மெத்தென்ற அடி. அதைப் போட்டுக்கொண்டு அவர் வந்தது எனக்குத் தெரியவே இல்லை, சத்தியமாக. பூனை வந்தால்கூடக் கேட்டிருக்கும். எனவே நான் கேட்டதுபோல் கையைத் தூக்கினேன். ஐந்து முறையும் தூக்கினேன், சந்தேகம் வராமல் இருக்க வேறு வேறு நேரத்தில்.

மூன்றாவது ஜோடி இருக்கிறதே, அது பூட்ஸ் இல்லை, எண்ணெய் காணாத கதவு. ஒவ்வொரு எட்டுக்கும் "கிறீச்" என்றது. காலை மடக்கினால் இன்னொரு "கிறீச்". நான் கண்ணை இறுக்கி, பல்லைக் கடித்து, கையை இடுப்போடு ஒட்டவைத்துக்கொண்டு நின்றேன். கீழ்வீட்டுக் கிரேக்கப் பாட்டியம்மா துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பா என் தோளைத் தொட்டார்.

"என்னடா குமாரு, தூங்கிட்டியா? ஒண்ணுமே கேக்கலையா?"

"இல்லப்பா."

"எனக்குக் கேக்குதே."

"போட்டிருக்கறவங்களுக்குத்தாம்பா கேக்கும்."

இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா தலையை ஆட்டி யோசித்தார். கீழே இடித்ததைக் காட்டி, "அந்தம்மா?" என்றார். "அது கனம்பா, சத்தம் இல்ல" என்றேன். தன் காதை நம்பாமல் தாளில் இருந்த கட்டத்தை நம்பினார் என் அப்பா. பதினைந்து வருட ஆராய்ச்சி அவரை அப்படிப் பழக்கியிருந்தது. மற்ற இரண்டும் திங்கட்கிழமை கடைக்குத் திரும்பின. "கதவு" வீட்டில் தங்கியது.

நான் நிம்மதியாகத் தூங்கினேன். யாராவது வந்து பூட்ஸ் சத்தத்தைக் கேட்டுப் பார்த்து, "இது சத்தம் போடுகிறது, நீங்கள் வர வேண்டாம்" என்று சொல்வார்கள் என்று நாள்தோறும் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பிப்ரவரியில் அப்பா பெட்டியில் பூட்ஸை வைத்தார். பூட்ஸுக்குள் அந்தத் தாளையும் மடித்து வைத்தார், வேட்டைக்காரர் கேட்டால் காட்டுவதற்கு. அப்போதுதான் யாரும் வரப்போவதில்லை என்று புரிந்தது.

விமான நிலையத்துக்கு எங்களைக் காரில் கூட்டிப்போனவர் அப்பாவின் நண்பர் ஜம்பு மாமா. பியர்ஃபோன்ட்ஸ் புறநகரில் சொந்த வீடு வாங்கிய இஞ்சினியர், எல்லா விஷயமும் தெரிந்தவர். அப்பாவை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது, பனியில் கார் ஊர்ந்துகொண்டிருக்க, எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து ஆரம்பித்தார்.

"சிங்கத்துக்கெல்லாம் பயப்படாதடா. சிங்கம் நம்ம சாம்பார் வாசனைக்கே ஓடிடும். காட்டெருமைதான் பொல்லாதது. சத்தம் கேட்டா ஓடற மாதிரி ஓடும், சுத்திக்கிட்டுப் பின்னால வந்து நிக்கும். அதனாலதான் உங்கப்பா பூட்ஸப் பாத்துப் பாத்து வாங்கினாரு. கெட்டிக்காரர்."

நான் கார்க் கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை பூட்ஸ் சத்தத்தைக் கேட்கப்போவது அந்த வேட்டைக்காரர் ஒருவர்தான் என்றே நினைத்திருந்தேன். காட்டெருமைக்கும் காது உண்டு என்பது, அதுவும் பத்து முறை காட்டெருமையாக நின்ற எனக்கு, தோன்றவே இல்லை.

அம்மாவிடம் சொல்லலாமா? சொன்னால் அவள் செய்வதற்கும் ஒன்றும் இல்லை, அழுவதைத் தவிர. அந்தக் காட்டில் தொலைபேசி கிடையாது. இருந்த ஒரே வழி ஏரோகிராம், மடித்து ஒட்டினால் தாளே உறையாகிவிடும் விமானத் தபால். முழுப் பக்கமும் அம்மா எழுதுவாள். மடிக்கிற ஓரத்தில் நாலு விரல் இடம் எனக்கு. எழுதி முடித்ததும் அவள் படிப்பாள். நான் மூளையைக் கசக்கி ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சில் எழுதினேன்: நான் பொய் சொன்னேன், பூட்ஸ் கத்தும், போடாதீர்கள், எருமை பின்னால் வரும். அம்மா பார்த்தாள், "அட, பிரெஞ்சா?" என்று சந்தோஷப்பட்டாள், ஒட்டினாள். நானே ஓடிப்போய்ச் சிவப்புத் தபால் பெட்டியில் போட்டேன். பெட்டியின் வாய் டணாரென்று மூடிய பிறகுதான் உறைத்தது: அம்மாவுக்கு எவ்வளவு பிரெஞ்சு தெரியுமோ அவ்வளவுதான் அப்பாவுக்கும் தெரியும்.

பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைதான் போனது. கையுறை உள்ளே விழுந்ததுதான் மிச்சம்.

அதற்கப்புறம் ஏழெட்டு வாரம் நான் செய்தது எல்லாம் சாப்பிட்டது, தூங்கியது, தபால்காரரைப் பார்த்தது. கடிதம் வரும், வந்தால், மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பா உயிரோடு இருந்தார் என்று தெரியும். நேற்று? இன்று காலை? அதை எந்தத் தபால்காரரால் சொல்ல முடியும்? கடிதங்களில் சீதோஷ்ணம் இருக்கும், அவரைக்காய் கிடைப்பது இருக்கும், பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஒன்றில் மட்டும் எனக்கென்று இரண்டு வரி: "குமார் பிரெஞ்சில் எழுதியிருந்தான். என்ன எழுதியிருக்கிறான் என்று தெரியவில்லை. கையெழுத்து முன்னைவிடத் திருந்தியிருக்கிறது." அம்மா அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

போன குளிர்காலத்தில் எங்கள் பழைய தெருக்கள் வழியாகப் போனேன். பூட்ஸ் கடை இருந்த இடத்தில் மூன்றாவதோ நான்காவதோ கடையாக ஒரு தெப்பனேர், தெருமுனைச் சில்லறைக் கடை, வந்திருக்கிறது. லாட்டரிச் சீட்டும் பாலும் விற்கிறார்கள். எங்கள் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள், எங்கள் கூடத்து ஜன்னலில் ஊதா நிறத் திரை. மரங்களை இப்போது தெருவில் விட்டால் நகராட்சி வண்டி வந்து எடுத்துப்போய்விடுகிறது. ஏரோகிராம் என்றால் என் பிள்ளைகள் ஏதோ விமானம் என்கிறார்கள். அப்பா காலமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. நான் பொய் சொன்னதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன், சொல்லவில்லை.

கென்யாவில் நடந்தது இதுதான். வீட்டில் அப்பா அந்தப் பூட்ஸைப் போட்டுப் பார்த்தது இரண்டு கம்பளிக் காலுறைகளுக்கு மேல். கென்யாவின் வெயிலில் மெல்லிய பருத்திக் காலுறையோடு போட்டதும் உள்ளே கால் சறுக்கி, முதல் நாள் காலையிலேயே இரண்டு குதிகாலும் உரிந்துவிட்டது. வேட்டைக்காரர் தன்னிடமிருந்த பழைய கான்வாஸ் ஷூ ஜோடி ஒன்றைக் கொடுத்தார். மிச்ச நாள் எல்லாம் அப்பா அதில்தான் நடந்தார். பதினொரு காட்டெருமைகளிடம் ரத்தம் எடுத்தார். பூட்ஸை முகாம் சமையல்காரருக்குக் கொடுத்துவிட்டு ஏப்ரலில் வீட்டுக்கு வந்தார், இரண்டு கிலோ கூடியிருந்தார்.