அக்கா பால் காய்ச்சிய பசுமைக்குடில்

அக்கா போய் ஒரு வருஷம் நிறைகிறது. வருஷத் திவசத்துக்கு வந்து, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டு, கையோடு இந்த நினைவு மலரையும் வாங்கிக்கொண்டு போகும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தம்பியான நான் எழுதுகிறேன். கும்பகோணத்தில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டிக்கெட் கிழித்த கைக்குக் கட்டுரை வருமா என்று தெரியவில்லை. குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னீர்கள், உங்க அக்கா மாதிரி தைரியசாலியைப் பார்த்ததே இல்லை என்று. எனக்கு உள்ளுக்குள் எரிச்சலாகத்தான் வந்தது. இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்கா பயந்தவர். சாதாரணப் பயம் இல்லை, சோறு தொண்டையில் இறங்காத பயம். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் இதில் எழுதப்போகிறேன். தைரியசாலி என்று சொல்லி அவர் பட்ட பாட்டை யாரும் சுலபமாக்கிவிடக் கூடாது.

அக்கா பிறந்தது கூத்தாநல்லூருக்குத் தெற்கே, வாய்க்கால் போய் முடிகிற கடைமடைக் கிராமத்தில். அப்பாவும் அம்மாவும் மேல்கரைப் பண்ணையின் ஆட்கள். குடிசை இருந்த மண்ணும் பண்ணைக்கே சொந்தம். அறுப்புக் கூலியில் ஒரு படி நெல் கூடுதலாகக் கேட்டு அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் வேலையை நிறுத்தியிருந்த காலம். ஒரு மத்தியானம் பண்ணையின் ஜீப் எங்கள் தெருவுக்குள் வந்தது. அப்பா வரப்போடு ஓடினார். அக்கா என்னைத் தூக்கிக்கொண்டு வைக்கோல் போருக்குள் நுழைந்து, நான் அழுதுவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. அந்தக் கை நடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எங்கே ஜீப் சத்தம் கேட்டாலும் அக்கா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்.

கல்யாணமாகி வந்த அத்தான் நல்ல மனிதர். ஆனால் ஆயுசு குறைவு. ஒரே மகள் செல்வியைக் கையில் கொடுத்துவிட்டு நெஞ்சுவலியில் போய்விட்டார். அக்கா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் அவளைப் படிக்க வைத்தார். இன்று செல்வி நர்ஸ் என்றால், அது சேற்றில் நின்று அக்காவின் கால் விரல்கள் அழுகிய கதை. அதை நான் இங்கே விரிக்கவில்லை, விரித்தால் செல்வி அழுவாள்.

நிலமில்லாதவர்களுக்கு அரசாங்கம் நிலம் கொடுத்தபோது, உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தில் ஒரு ஏக்கர் சொச்சம் அக்கா பேருக்கு ஒப்படையாக வந்தது. தெருவே சிரித்த நாள் அது. அக்கா சிரிக்கவில்லை. "குடுத்தவங்க போய் வேற ஆளு வந்தா புடுங்கிடுவாங்களோ?" என்று அன்று ஆரம்பித்தவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் ஓட்டுக் கேட்டு வந்த இரண்டு கட்சிக்காரர்களிடமும் இதே கேள்வியைத்தான் கேட்டார். இரண்டு பேரும் மாட்டோம் என்றார்கள். இரண்டு பேரையும் அவர் நம்பவில்லை.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒப்படை நிலத்துக்கு நிபந்தனை உண்டு. விற்கக் கூடாது, தரிசாகப் போடக் கூடாது, வீடு கட்டிக் குடியிருக்கக் கூடாது. மீறினால் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பண்ணையின் மகன், ஊரில் சின்னவர் என்று சொல்லுவோம், அந்த ஒரு நாளுக்காகவே காத்திருந்தார். நிலத்தை எடுத்தது செல்லாது என்று அவர் போட்ட வழக்கும் இழுத்துக்கொண்டே கிடந்தது.

நிலமோ கடைமடை. மேல்மடைக்காரர்கள் அறுவடைக்கு ஆள் தேடுகிற நேரத்தில்தான் எங்கள் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்க்கும். நெல் போட்டுப் போட்டுக் காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் சும்மா கிடந்தது. கிராம நிர்வாக அலுவலர் நல்ல மாதிரி. அவரே அக்காவைக் கூப்பிட்டு, தரிசு என்றே எழுதிக்கொண்டு வருகிறேன், மேலே இருப்பவர்கள் ஒரு நாள் கேட்பார்கள் என்று எச்சரித்தார். அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் போயிற்று.

அப்போதுதான் ஒரத்தநாட்டுப் பக்கம் ஒருவர் பசுமைக்குடில் விற்கிறார் என்று சேதி வந்தது. இரும்புக் குழாயை வில்லாக வளைத்து வரிசையாக நட்டு, மேலே பாலித்தீன் தாளும் பச்சை வலையும் போர்த்திய கூடம். அவர் அதில் குடைமிளகாய் வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டு, மகனோடு கோயம்புத்தூர் போகிற அவசரத்தில் இருந்தார். அதற்குள் கத்திரி, மிளகாய், தக்காளி நாற்று விட்டு விற்கலாம், கைப்பம்புத் தண்ணீரே போதும் என்று அக்கா கணக்குப் போட்டார். கட்டி வந்த சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கிவிட்டார். எங்கள் பக்கம் நாற்று என்றால் நெல் நாற்று, வயலில் மழையிலும் வெயிலிலும் கிடந்து வளர்வது. நாற்றுக்கு வீடு கட்டுகிறாளாம் என்று தெருவே கேலி செய்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். சிரித்த வாயை மூடுவதற்குள் வா, பிரித்து ஏற்றி வரலாம் என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

ஒரத்தநாட்டில் அதைப் பிரித்த லட்சணத்தைச் சொல்லி மாளாது. திருகாணிகள் துருப்பிடித்து நகர மறுத்தன. பாலித்தீன் தாளைக் கிழியாமல் உருவி, பட்டுப்புடவை மடிப்பது போல அக்கா மடித்தார். கூத்தாநல்லூர் பக்ருதீன் பாயின் மினி லாரியில் ஏற்றினோம். குழாய்கள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வழக்கம்போல பாய் அதன் நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். அக்காவுக்கு முகம் வெளிறிப்போயிற்று. வழக்கு நடக்கிற நிலத்துக்குக் கம்பும் சிவப்புத் துணியுமாகப் போனால் கொடி நடப் போகிறோம் என்று மேல்கரையில் நினைக்க மாட்டார்களா என்றார். வேறு நிறம் கட்டலாமென்றால் எந்த நிறத்தை எடுத்தாலும் அதற்கு ஒரு கட்சி இருக்கிறது. பாய் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் அந்த வீட்டு அம்மாவிடம் பூப்போட்ட பழைய நைட்டி ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தோம். மேல்கரைக் கடைத்தெருவைத் தாண்டுகிற வரை அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. சின்னவர் வாசலில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். நானும் என்ன பெரிய சூரனா?

ஒரு வழியாகக் குடில் எழுந்தது. அங்கேதான் அந்தக் காரியம் நடந்தது. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

எங்கள் குடும்பம் சொந்த வீட்டில் பால் காய்ச்சியதே இல்லை. குடிசை பண்ணையுடையது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டுக்கு வந்த அன்று பேய் மழை, சாமான் நனையாமல் உள்ளே போனால் போதும் என்று நுழைந்தோம். சொந்த மண்ணில், சொந்தக் காசில், நாலு பக்கமும் அடைத்துக் கதவு வைத்து அக்கா எழுப்பிய முதல் கட்டடம் இந்தக் குடில்தான். நல்ல நாள் பார்த்தார். குடிலுக்கு நடுவில் மூன்று செங்கல் வைத்து, குத்துவிளக்கு ஏற்றி, மண்பானையில் பால் காய்ச்சினார். பால் பொங்கியபோது தெருப் பெண்கள் எல்லோருக்கும் கண் கலங்கியது. வந்தவர்களுக்கெல்லாம் ஒரு வாய் பால். அக்கா அன்று ஒரு நாள்தான் பயத்தை மறந்திருந்தார். அந்த ஒரு நாளே வினையாயிற்று.

யாரோ செல்போனில் எடுத்த படம் சுற்றிச் சுற்றிச் சின்னவர் கைக்குப் போயிருக்கிறது. விவசாயத்துக்குக் கொடுத்த நிலத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டார்கள், ஒப்படையை ரத்து செய்ய வேண்டும் என்று மனுப் போட்டுவிட்டார். வருவாய் ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார் என்று நோட்டீஸ் வந்தது.

அதற்குப் பிறகு அக்கா சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. நிலம் போய்விட்டால் சின்னவர் உடனே உள்ளே இறங்குவார், அப்புறம் நாம் கோர்ட்டு வாசலில் கிடந்து சாக வேண்டியதுதான் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். பிரித்துப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடலாம், குடிலே இல்லாவிட்டால் வீடு என்று எப்படிச் சொல்வார்கள் என்று நான் யோசனை சொன்னேன். ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். விதை முளைத்திருக்கிறது தம்பி, பிரித்தால் வெயிலில் கருகிவிடும் என்றார். சரி, பால் காய்ச்சவே இல்லை, டீதான் போட்டோம் என்று சொல்லு என்று தெருக்காரர்கள் பாடம் படித்துக் கொடுத்தார்கள். அக்கா அதையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும் உச்சி வேளையில் ஜீப் வந்தது. வருவாய் ஆய்வாளர் ஒரு அம்மா. கூடவே கிராம நிர்வாக அலுவலர். பின்னாலேயே சின்னவரும் அவர் ஆட்களும். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் பதிந்த நகத் தழும்பு ரொம்ப நாள் இருந்தது.

"பால் காய்ச்சினீங்களாம்மா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

அக்காவின் உதடு அசைந்தது. டீ என்று சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"காய்ச்சினேங்கம்மா."

சின்னவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப யாரு குடி வந்தது?"

"நாத்துதாங்கம்மா. எங்களுக்குப் பால் காய்ச்சி வீடு குடிபோன பழக்கம் இல்லீங்க. கதவு வச்சதும் காய்ச்சணும்னு தோணுச்சு. தெரியாம செஞ்சுட்டேன். நெலத்தை மட்டும் எடுத்துடாதீங்க."

ஆய்வாளர் குனிந்து குடிலுக்குள் போனார். தட்டுத் தட்டாகக் கத்திரியும் மிளகாயும் இரண்டு இலை விட்டு நின்றன. உள்ளே இட்லிப் பானைக்குள் நுழைந்தது போல வெக்கை. போன சுருக்கில் மூக்குக்கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, முகத்தில் வேர்வை ஊற்ற வெளியே வந்தார். சின்னவரைப் பார்த்து, "இதுல மனுஷங்க குடித்தனம் பண்ண முடியுமா? நீங்க உள்ள போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க, எழுதிக்கிறேன்" என்றார். சின்னவர் போகவில்லை. ஆய்வாளர் கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டு, நிலம் சாகுபடியில் இருக்கிறது, பயிர் காய்கறி நாற்று என்று கணக்கில் எழுதச் சொன்னார்.

தரிசு, தரிசு என்றே ஓடிக்கொண்டிருந்த கணக்கில் முதன்முதலாகப் பயிர் ஏறியது அன்றுதான். சின்னவர் மனுப் போட்டிருக்காவிட்டால் எந்த அதிகாரி அந்தக் கடைமடை வரை வந்து பார்த்திருப்பார்? இதை நான் சொல்லிச் சிரித்தபோது அக்கா அங்கே இல்லை. ஜீப் கிளம்பியதும் குடிலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நாற்று நன்றாகவே போயிற்று. பல ஊர்க்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். அக்காவின் பயம் மட்டும் குறையவில்லை. ஐப்பசிக் காற்றுக்குப் பயம், கோர்ட்டு வாய்தாவுக்குப் பயம், தேர்தலுக்குப் பயம். பயந்தபடியே விடிவதற்கு முன் எழுந்து தண்ணீர் தெளிக்கப் போய்விடுவார்.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு, ஆஸ்பத்திரியில் நினைவு வருவதும் போவதுமாக இருந்தார். ஒரு நாள் சாயங்காலம் கண்ணைத் திறந்து, ஜீப் வந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார். வந்துவிட்டுப் போய்விட்டார்கள் அக்கா, பயிர் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். நெலம் நம்மகிட்டதான இருக்கு என்று இன்னொரு தரம் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அக்காவை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்ட செல்விக்கும், அவளோடு வேலை பார்க்கும் பெண்களுக்கும், வண்டி வாடகை பேசாமல் கடைசி வரை ஓடி வந்த பக்ருதீன் பாய்க்கும், சேதி கேட்டுக் கோயம்புத்தூரிலிருந்து வந்து நின்ற ஒரத்தநாட்டுக்காரருக்கும், காரியம் முடிகிற வரை எங்கள் அடுப்பை எரியவிடாமல் சோறு போட்ட தெருவுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது.

நன்றி சொல்லி முடித்துவிட வேண்டிய இடம் இது. எனக்கு முடிக்க வரவில்லை. பட்டாவைச் செல்வி பேருக்கு மாற்றக் கொடுத்திருக்கிறோம். மாதச் சம்பளம் வாங்குகிறவளுக்கு ஒப்படை நிலம் எதற்கு என்று சின்னவர் ஆட்சேபம் எழுதியிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை காலை தாலுகா அலுவலகத்தில் விசாரணை. செல்வியோடு நான் போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வர முடிந்தவர்கள் வாருங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும்.