நாலு வயது குறைந்த மாப்பிள்ளை

எங்கள் தோட்டத்தில் அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு அத்தாட்சி காம்பராதான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஒரு துண்டுத்தாளில் கையெழுத்துப் போடுவார். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஓர் அறை, அதுதான் காம்பரா, தனியாகக் கிடைக்கும். மாரியம்மன் கோயிலில் தாலி ஏறும். அதற்கு மேல் சட்டம் என்று ஒன்று இருப்பதாக யாரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. இத்தனைக்கும் இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் மூன்று தோட்டத்துக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். வக்கீல் என்கிற அர்த்தத்தில் ‘லோயர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது கிண்டல் என்று புரிய எனக்கு வெகுகாலம் பிடித்தது.

எனக்கு நிச்சயித்த பெண் அதே தோட்டத்தில் கீழ்க்கணக்கு என்னும் கீழ்ப் பிரிவில் கொழுந்து பறிப்பவள். துண்டு கைக்கு வந்த அன்று, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவளைப் பார்த்துப் பெருமையாக நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“இது ரூமுக்குத்தானே? கல்யாணத்துக்கு எங்க?”

“துரையே கையெழுத்துப் போட்டிருக்காரு. இதுக்கு மேல என்ன சட்டம்?”

“துரை சீமைக்குப் போயிட்டா நம்ம கல்யாணமும் கப்பல் ஏறிருமா?”

லோயர் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

அவள் சும்மா கேட்கவில்லை. அவளுடைய அக்காள் புருஷன் குடியுரிமைக்கு மனுப் போட்டபோது, மனைவி என்று எழுதியதற்குப் பதிவுப் பத்திரம் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றாராம். பிள்ளை பத்திரமாகாது என்று அனுப்பிவிட்டார்களாம். அக்காள் அன்று அழுத அழுகையைத் தங்கை மறக்கவில்லை.

“முதல்ல பதிவோம். அப்புறந்தான் கழுத்த நீட்டுவேன்” என்றாள். தாலிக்குக் குறித்த நாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

விவாகப் பதிவாளர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் என் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார். ஊருக்கெல்லாம் எழுதி எடுத்துக் கொடுத்தவனுக்கு, தனக்கென்று ஒன்று இல்லை. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எழுதிப்போட்டேன். வந்ததும் உறையைக்கூடப் பிரிக்காமல், அவளையும் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“உமக்கு என்ன வயசு எண்டு சொன்னனீர்?”

“இருபத்துநாலுங்க ஐயா.”

“இருபதுதான் தம்பி. இருபத்தொண்டு ஆகும் வரைக்கும் நீர் மைனர். தகப்பன்ர சம்மதம் வேணும். போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

மீசைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போயிருந்தேன்.

பக்கத்தில் அவள் தன் பத்திரத்தை நீட்டினாள். வயது இருபத்திரண்டு. என்னை ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் பத்தடி முன்னாலேயே நடந்தாள்.

அப்பாவிடம் கேட்டதும் உண்மை வந்தது. எனக்கு எட்டு வயதில், பன்னிரண்டு என்று சொல்லித் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்திருக்கிறார். காலைப் பெரட்டில் துரை ஆளெண்ணி வந்தபோது, மலைச்சரிவில் என்னை மேல்பக்கமாக நிறுத்தினாராம். அவர் தோளுக்கு நான் வந்துவிட்டேன். அந்தப் பொய்யை வீடே நம்பிவிட்டது. நானும் அந்த வயதுக்கே வளர்ந்துவிட்டேன்.

ஆனால் சம்மதம் என்றதும் அப்பா முறுக்கிக்கொண்டார். “தாலிய நம்பாத பொண்ணு என்ன பொண்ணு? அதுலயும் உனக்கு மூத்தவ! கைநாட்டு வைக்கமாட்டேன் போடா.”

மறுநாள் மாலை அவளே அக்காளோடு எங்கள் லயத்து வாசலுக்கு வந்துவிட்டாள். எங்கள் பக்கம் எந்தப் பெண்ணும் அப்படி வந்ததில்லை. பக்கத்துக் காம்பராக்களிலிருந்து தலைகள் நீண்டன.

“மாமா, தாலிய நம்புறேன். தோட்டத்துக் கணக்கத்தான் நம்பல. அது இவங்களுக்கு நாலு வயசக் கூட்டிருச்சு. நாளைக்குப் பொண்டாட்டியக் கழிச்சிட்டா நான் எங்க போயி நிப்பேன்?”

அப்பா வெற்றிலையை மெல்லாமல் வாயில் வைத்திருந்தார்.

“கூட்டுனது கணக்கு இல்ல தாயி. நான்தான்” என்றார்.

“அப்ப நீங்களே வந்து சரிபண்ணுங்க.”

வாசலில் யாரோ சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டார். “இவ வயசுக்கு மட்டுமில்லடா, புத்திக்கும் உனக்கு மூத்தவதான்” என்று சொல்லி, பதிவுக்குப் போட்டுப் போகக் கோட்டை எடுத்து ஆணியில் மாட்டினார்.

பதிவன்று அப்பா சம்மதத் தாளில் பெருவிரலை அழுத்திய அழுத்தில் மேசை ஆடியது. அவள் நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். மனு எழுதியே பழகிய என் கைதான் மையைச் சிந்தியது. சிந்திய மையோடு அந்தப் பத்திரம் பிஸ்கட் டின்னுக்குள் போனது. எங்கள் லயத்தில் தாலிக்கு முன்னால் பத்திரம் வாங்கிய முதல் பெண் அவள். பிறகு நாள் குறிக்கும் முன்பே பெண்கள் அந்த டின்னைத் திறந்து பார்க்க வந்தார்கள். வாசலில் மீசையோடு உட்கார்ந்திருக்கும் என்னிடமே, “லோயரம்மா இருக்காங்களா?” என்று கேட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

தோட்டத்துப் பேரேட்டில் என் வயதை யாரும் திருத்தவில்லை. அங்கே நான் அவளுக்கு மூத்தவன், பத்திரத்தில் இளையவன். வீட்டில் எந்தக் கணக்கு செல்லும் என்று நான் இதுவரை கேட்டதில்லை.