ஆயுத பூஜையும் ஆப்பிரிக்க மீன்களும்

அம்மா இறந்தது 1983 மாசியில். பஞ்சாலையிலிருந்து அப்பா ஓய்வு பெற்று அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. காரியம் முடிந்த பிறகு அவர் சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். காலையில் ஒரு டம்ளர் காப்பி, மத்தியானம் இரண்டு கவளம், ராத்திரி ஒன்றுமில்லை. அந்த வருடக் கார்த்திகையில் மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழுந்தது. உடம்பில் நோய் எதுவும் இல்லை என்றார் டாக்டர். மனசை வேறு எதிலாவது திருப்பப் பாருங்கள் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ரேடியோ, தினத்தாள், பக்கத்து வீட்டுச் சீட்டாட்டம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மீன்தொட்டி என் யோசனை. நூலகத்தில் மீன் வளர்ப்பு பற்றிய கனத்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று இருந்தது. ஆப்பிரிக்க ஏரிகளில் வாழும் சிக்லிட் மீன்களுக்குக் கடின நீர்தான் ஒத்துக்கொள்ளும், அதற்காக ஐரோப்பாவில் தொட்டிக்குள் சுண்ணாம்புக்கல் போடுவார்கள் என்று அதில் படித்தேன். எங்கள் நெல்லித்தோப்பு வீட்டில் வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் எப்போதும் வெள்ளை படிந்திருக்கும். நமக்குக் கல்கூடத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

1984 சித்திரையில் தொட்டி வந்தது. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் மீன் வாங்கி, பாலிதீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஊசுட்டேரியிலிருந்து நாடா போல நீண்ட இலைகொண்ட பாசியைப் பிடுங்கி வந்து மணலில் நட்டேன். எதிர்வீட்டுக்காரர் மீன்களைக் குனிந்து பார்த்தார்.

"எல்லாத்தையும் கொழம்பு வச்சாக்கூட ஒரு ஆளுக்குப் பத்தாது போலக்கீதே. தேங்காத்திட்டுக்குப் போயிருந்தா இந்நேரம் வஞ்சிரம் வாங்கியாந்திருக்கலாம்."

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்த மீன்களுக்கு மணலைத் தோண்டாமல் இருக்க முடியாது. நான் நட்ட பாசியெல்லாம் மறுநாள் காலையில் மேலே மிதந்தது. மறுபடி நட்டேன், மறுபடி மிதந்தது. நாலாவது முறை அப்பா எழுந்து வந்தார். பழைய வேட்டிக் கரையிலிருந்து நூலை உருவி, ஒவ்வொரு செடியின் அடியையும் கருங்கல் துண்டோடு சேர்த்து, ஆலையில் அறுந்த இழைக்குப் போடும் முடிச்சால் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார். அந்த முடிச்சை மீன்களால் அவிழ்க்க முடியவில்லை. அன்று ராத்திரி அவர் ஒரு இட்லி சாப்பிட்டார். நானும் மனைவியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசினால் கெட்டுவிடும் என்று பயம்.

புரட்டாசி பிறந்த சமயம், மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட பெண்மீன் ஒன்று தீனி எடுக்காமல் கல்லிடுக்கிலேயே நின்றது. அதன் தாடை உப்பியிருந்தது. அப்பாதான் முதலில் பார்த்தார்.

"இதுவும் சாப்புட மாட்டேங்குது."

"வாயில முட்டைய வச்சிருக்கு நைனா. குஞ்சு பொரிச்சி வெளிய வுடற வரிக்கும் அது எதுவும் துன்னாது."

"எத்தினி நாளு?"

"மூணு வாரம் ஆவும்னு புக்குல போட்டிருக்கு."

அப்பா குனிந்து கல்லிடுக்கைப் பார்த்தார். பிறகு, "அதுக்காவது ஒரு காரணம் கீது" என்றார்.

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி முன்னால் வந்தாள். "குஞ்சு வெளிய வர அன்னிக்கு நீங்களும் வயிறாரச் சாப்புடணும் மாமா. சொல்லிட்டேன்."

"வரட்டும், பாக்கலாம்."

மறுக்காமல் அவர் சொன்ன வார்த்தை ஒன்றரை வருடத்தில் அதுதான். அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் அந்த மீனின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த மூன்றாவது வாரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. தவளக்குப்பத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மைத்துனர் எங்களைக் கூப்பிட்டிருந்தார். அப்பாவையும் அழைத்தோம். "குஞ்சு வந்தா வூட்ல ஆளு வேணாமா? நீங்க போயிட்டு வாங்க" என்றார். சாயங்காலம் கிளம்பி, இரவு அங்கேயே தங்கி, விஜயதசமி காலையில் திரும்பினோம்.

வாசலிலேயே கற்பூர வாசனை. அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். சாமி படத்துக்கு முன்னால் சுத்தியல், கத்தரிக்கோல், அரிவாள்மணை எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. நடுவில், ஒற்றைச் சாமந்திப்பூ வைத்து, தொட்டிக்குக் காற்று அனுப்பும் பம்பு.

"நேத்து அந்தியில பூஜ போட்டேன்" என்றார். "ராவும் பகலும் ஓடுது பாவம், ஒரு நாளு ஓய்வு இல்ல. காலைலேர்ந்து இந்த வேலயே சரியாப் பூடுச்சி, தொட்டிய இன்னும் பாக்கல. நீங்க வந்ததும் எடுத்து ஓட்டலாம்னு இருந்தேன்."

ஆலையில் அப்படித்தான் செய்வார்கள். மெஷினை நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்தால், மறுநாள் பூஜை போடும்வரை ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். முப்பது வருடம் அவர் அப்படித்தான் இருந்திருக்கிறார். அம்மா போன பிறகு அவராக எழுந்து செய்த முதல் பண்டிகை அது. மேலே கல்நார் கூரை, புரட்டாசிப் புழுக்கம், தொட்டியில் இடத்துக்கு மிஞ்சிய மீன். எனக்குத் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிப் போட்டார். சூடம் காட்டினார். பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பம்பைத் தொட்டிக்குக் கொண்டுபோய்க் குழாயைச் செருகி ஸ்விட்சைப் போட்டார். குமிழிகள் மேலே வந்தன. நீர்மட்டத்தில் வெளுத்த வயிறுகளோடு கிடந்த மீன்கள் அந்தக் குமிழிகளில் லேசாக ஆடின. கல்லிடுக்கில் கோடு போட்ட மீன் சாய்ந்து கிடந்தது. தாடை ஒட்டிப்போயிருந்தது. அதைச் சுற்றி மணலில் நகத்துணுக்கு அளவில் குஞ்சுகள். ஒன்றும் அசையவில்லை.

"ஓடுது" என்றார் அப்பா.

"ஓடுது நைனா."

"அப்புறம் ஏன்..."

என் மனைவி அவசரமாக, "ராத்திரி கரண்டு போயிருக்கும் மாமா" என்றாள்.

"ஃபேனு ஓடிச்சிம்மா" என்றார்.

மத்தியானம் அவள் சோறு போட்டாள். அவர் மறுக்காமல் வந்து உட்கார்ந்தார். குழம்பை ஊற்றிப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு, "கொஞ்ச நேரம் படுக்கறேன்" என்றார்.

ஐப்பசி மழை முழுவதும் படுத்தே இருந்தார். குளுக்கோஸ் ஏற்றினோம். இரண்டாவது பாட்டிலில் ஊசியை அவரே பிடுங்கிப் போட்டார். கார்த்திகையில் இறந்தார். முதுமை காரணமாக என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்கு அப்போது அறுபது வயதுதான்.