மறு அடிக்குக் காத்திருந்த வீடு

என் மனைவியின் தம்பிக்காகக் கொழும்பு நீதிமன்றத்தில் நான் சரீரப் பிணை நின்றேன். அவன் வழக்குத் தவணைக்கு வராமல் எங்கேனும் போய்விட்டால், மாத்தளையில் நாங்கள் குடியிருக்கும் வீடு எங்களுடையதாக இராது. சட்டத்தரணி இதை விளக்கிச் சொன்னபோது என் மனைவி தலை குனிந்திருந்தாள். நான் ஒப்பமிட்ட பின்னரே நிமிர்ந்தாள்.

அவன் ஒரு நிதிக் கம்பனியின் பொது முகாமையாளனாக இருந்தவன். புதிதாக வந்த வைப்புப் பணத்திலிருந்து பழையவர்களுக்கு வட்டி கொடுத்து, அதையே இலாபமென்று காட்டிய கணக்குகளில் அவனுடைய ஒப்பம் இருந்தது. கம்பனி சரிந்தபோது அதன் தலைவர் மருத்துவத்துக்கென்று வெளிநாடு போனார், திரும்பவில்லை. இவன் அகப்பட்டான். சில வாரங்கள் விளக்கமறியல் சிறையில் இருந்துவிட்டுப் பிணையில் வந்தவன், போவதற்கு வேறு வீடு இல்லாமல் எங்களிடம் வந்தான். அவன் மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

மாதத்தின் கடைசி ஞாயிறன்று பொலிஸ் நிலையத்தில் அவன் ஒப்பமிட வேண்டும். மற்ற நாள்களில் அவனுக்கு ஒரு வேலையும் இல்லை. ஆயினும் விடிந்ததும் குளித்து, முழுக்கைச் சட்டை அணிந்து, வாசற்படியில் அமர்ந்து சப்பாத்துகளைத் துடைப்பான். அவை முகம் பார்க்கும் அளவுக்கு மினுங்கியபின் கதவருகே வைத்துவிட்டு, வெறுங்காலோடு கூடத்தில் அங்குமிங்கும் நடப்பான்.

“எங்க போறதுக்குடா இத்தனை மினுக்கு?” என்று அக்காள் கேட்பாள்.

“எங்கயும் இல்லக்கா. கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

“கை சும்மா இருந்திருந்தா நாமளும் சும்மா இருந்திருப்போம்.”

அந்தச் சப்பாத்துகள் எப்போதும் தெருவை நோக்கியபடியே இருந்தன. நான் அவற்றைக் கடக்கும்போதெல்லாம் என் மனம் ஒரு முறை படியிறங்கிப் போய்வரும்.

எங்கள் குடும்பத்தில் என் தந்தை காலத்து வழக்கம் ஒன்று உண்டு. காலையில் பூசையறையில் ஒருவர் பதிகத்தின் முதலடியை எடுத்தால், வீட்டில் உள்ளவர்கள் எந்த வேலையில் இருந்தாலும், கிணற்றடியிலோ அடுப்படியிலோ நின்றபடியே மறு அடியைப் பாட வேண்டும். கடைக்காப்பை, அதாவது பாடுவோர் பெறும் பேற்றைச் சொல்லும் இறுதிப் பாடலை, இரு குரலும் சேர்ந்தே பாட வேண்டும். தனிக்குரலில் முடிக்கலாகாது என்பார் தந்தை. எங்கள் பிள்ளைகள் வெளிநாடு போனபின் அந்த வழக்கம் நின்றிருந்தது. மைத்துனன் வந்த வாரத்திலேயே நான் அதை மீண்டும் தொடங்கினேன்.

சிறு வயதில் எங்கள் வீட்டில் வளர்ந்தவனாதலால் அவனுக்குப் பாடல்கள் மறந்திருக்கவில்லை. நான் முதலடியைப் பாடி நிறுத்துவேன். வீட்டின் ஏதோவொரு மூலையிலிருந்து அவனுடைய தடித்த குரல் மறு அடியைக் கொண்டுவரும். குரல் வந்தால் ஆள் இருக்கிறான். ஆள் இருந்தால் வீடு இருக்கிறது. இறைவனை நோக்கி நின்று நான் பாடினேன். என் செவிகள் பின்னோக்கி நின்றன. உருகிப் பாட வேண்டிய இடங்களில் எல்லாம் நான் ஆளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

தெருவும் என்னை அமைதியாக இருக்க விடவில்லை. கம்பனியின் மாத்தளைக் கிளையைத் திறந்தபோது இறைவணக்கம் பாடியவன் நான். கோயில் வாசலில் பூக்கட்டும் பெண் அதை மறக்கவில்லை.

“ஐயா, அன்னைக்கு என்ன மாதிரிப் பாடினீங்க. உங்க குரலைக் கேட்டுத்தான் எங்க அம்மா காதுத்தோட்டை வித்து அங்க போட்டுச்சு,” என்றாள் மல்லிகைச் சரத்தை அளந்தபடியே. “இப்பவும் நல்லாத்தான் பாடுறீங்க. ஆனா அம்மாவுக்குக் காதுதான் சும்மா கிடக்கு.”

நான் பூவை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அன்று சன்னதியில் பாடியபோது பண் சேரவில்லை.

தீர்ப்பு நெருங்கியபோது ஒரு பிற்பகலில் அவன் கைபேசியில் பேசுவது என் காதில் விழுந்தது. “மன்னாரா?” என்றான். சற்று நேரம் மறுமுனையைக் கேட்டான். பிறகு, “போட்டெல்லாம் சரி. யோசிச்சுச் சொல்றேன்,” என்றான். மன்னாரில் படகேறினால் மறுகரை இந்தியா; அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் சொல்லவும் மனம் வரவில்லை. அவளுக்கு ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் கூடப்பிறந்தவன். எதை இழக்கிறாய் என்று நான் எப்படிக் கேட்பது?

அடுத்து வந்த காலைகளில் ஒன்றில், முதலடியைப் பாடி நிறுத்தினேன். மறு அடி வரவில்லை. குரலை உயர்த்தி இன்னொரு முறை பாடினேன். காகம் கத்தியது. வெளியே வந்து பார்த்தேன். கதவருகே சப்பாத்துகள் இல்லை.

“கடைக்குப் போயிருப்பான்,” என்றாள் மனைவி. அவள் குரலும் அதை நம்பவில்லை.

பதிகத்தை இடையில் நிறுத்தலாகாது என்று பிறருக்குச் சொல்லி வந்தவன், பாதிப் பாட்டில் மேல்துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அங்கே ஆட்டோ ஓட்டுபவர்களுக்கு அவனை நன்றாகத் தெரியும்.

“உங்க மச்சினன்தானே? நாவுலை பஸ்ல ஏறினாரு,” என்றான் ஒருவன். “டை மட்டும்தான் கட்டல ஐயா. மத்தபடி மீட்டிங்குக்குப் போற மாதிரித்தான் போனாரு.”

நாவுலையைத் தாண்டினால் தம்புள்ளை. அதற்கப்பால் வடக்கே எங்கும் போகலாம், கடல்வரை. நான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் ஒரு பாடலையும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் நாவில் இருந்தவை அந்த ஒரு மணி நேரம் என்னைக் கைவிட்டன.

நாவுலையில் பஸ் நின்றபோது சன்னல் வழியாக அவனைக் கண்டேன். சாலையோரக் காய்கறிக் கடையொன்றில், கத்தரிக்காய் மூட்டையின்மேல், மினுங்கும் சப்பாத்துக் கால்களை நீட்டியபடி அவன் அமர்ந்திருந்தான். எதிரே குத்துக்காலிட்டிருந்த சிங்களவர் ஏதோ சொல்ல, இவன் கவனமாகத் தலையசைத்துக்கொண்டிருந்தான். புதையல் தோண்டிய வழக்கில் சிறையிருந்து வந்தவர் அவர். இருவரும் விளக்கமறியலில் பழகியவர்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

என்னைக் கண்டதும் மைத்துனன் எழுந்தான். “வாங்கத்தான். இவரு எனக்கு உள்ள எப்படி இருக்கணும்னு சொல்லிக்கிட்டு இருக்காரு.”

“மாத்தயா, அங்க இந்தச் சப்பாத்து வேணாம்,” என்றார் அவர், ‘ஐயா’வை மட்டும் சிங்களத்தில் வைத்து, எனக்கும் சேர்த்துச் சொல்வதுபோல. “செருப்பு போதும். இன்னையிலிருந்தே தரையில படுக்கணும். அப்புறம் யார்கிட்டயும் ‘நான் யாரு தெரியுமா’ன்னு கேக்கக் கூடாது. அங்க எல்லாருக்கும் தெரியும்.”

“தமிழ் நல்லாப் பேசுறீங்களே,” என்றேன்.

“உள்ள படிச்சதுதான். வேற என்ன வேலை?” அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவர்தான் கையெழுத்து வச்ச மாத்தயாவா?”

“ஆமா.”

“மூஞ்சியே சொல்லுது. உள்ள போறவனுக்குத் தூக்கம் வரும். வெளிய கையெழுத்து வச்சவனுக்குத்தான் வராது.” சிரித்துக்கொண்டே ஒரு பை நிறையக் கத்தரிக்காய் போட்டு என் கையில் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் அமர்ந்தான். பல்லேபொல சந்தி கடந்ததும் அவனே தொடங்கினான்.

“மன்னார்க்காரன் நேத்தும் கூப்பிட்டான் அத்தான். வேணாம்னுட்டேன்.”

“எங்கிட்ட ஒரு சொல் சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?”

“சொன்னா நீங்களும் கூட வருவீங்க. ஜெயிலைப் பத்தி உங்க முன்னால கேக்க வெக்கமா இருந்துச்சு.” சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்: “காலையில என்னைய ஏன் பாட வைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா பாடின?”

“உங்களுக்கு நிம்மதியா இருக்கட்டுமேன்னுதான்.”

வீட்டுக்கு வந்து குளித்து, விட்ட அடியிலிருந்து பதிகத்தைத் தொடர்ந்தேன். கிணற்றடியிலிருந்து மறு அடி வந்தது. கடைக்காப்புக்கு அவன் ஈரத் தலையோடு பூசையறை வாசலில் வந்து நின்றான்.

தீர்ப்பு நாளில் முழுக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாக நீதிமன்றம் வந்தான். அனுதாபம் தேடும் வேடம் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. குற்றவாளி என்று தீர்ப்பாகி அவனைக் கீழே காவலறைக்கு அழைத்துப் போனபோது, என் பிணையும் அத்தோடு முடிந்தது. “இனி வீடு நம்மளது,” என்று சொல்லிவிட்டு என் மனைவி நீதிமன்ற வாசலிலேயே அமர்ந்து அழுதாள். அவன் சப்பாத்துகளை அவள் அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். அவன் சிறையிலிருந்த, என் காவல் வேண்டாத அந்த வருடங்களிலும் நான் முதலடியைப் பாடிவிட்டு நிறுத்தத்தான் செய்தேன். அவன் வரும்வரை அடுப்படியிலிருந்து அவள் மறு அடி சொன்னாள்; அவள் குரல் எனக்குப் போதவில்லை.

தண்டனை முடிந்து, போன வருடம் வந்தான். மெலிந்திருந்தான், கதவு திறந்தேயிருந்தாலும் யாராவது சொல்லும்வரை நிலையருகே நின்றான். மறுநாள் காலை, மறு அடியை இனி அவன் பாடுவான் என்ற மகிழ்ச்சியில் என் மனைவி வாய் மூடியிருக்க, நான் முதலடியைப் பாடி நிறுத்தினேன். மறு அடி வரவில்லை. கிணற்றில் வாளி விழும் ஓசை மட்டும் கேட்டது. குளித்துவிட்டு வந்து அவனே சொன்னான்.

“உள்ள தினமும் பேரு கூப்பிட்டு எண்ணுவாங்க அத்தான். ‘இருக்கேன், இருக்கேன்’னு சொல்லி நாக்கு தேஞ்சிருச்சு. கொஞ்ச நாளைக்கு நான் பதில் சொல்லாம இருக்கட்டுமா?”

“இரு,” என்றேன்.

சொல்வது எளிதாக இருந்தது. இப்போது அவன் நாவுலை நண்பரோடு சேர்ந்து காய்கறி விற்கிறான். சில நாள் நாவுலையிலேயே தங்கிவிடுகிறான். யட்டவத்தச் சந்தையில் அவனிடம் காய் வாங்கிய ஒரு பெண், “இந்தத் தராசையாவது நேராப் பிடிங்க மாத்தயா,” என்றாளாம். அதை அவனே எங்களிடம் சொல்லிச் சிரித்தான். சிரித்து முடிந்தும் கூடத்தில் வெகுநேரம் நடந்துகொண்டிருந்தான். எப்போது போவான், எப்போது வருவான் என்று சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. எந்த நீதிமன்றமும் இன்று அவனை என்னிடம் கேட்கப்போவதில்லை. ஆனாலும் படியில் செருப்பு இருக்கிறதா என்று பார்க்கும் கண்ணை என்னால் திருப்ப முடியவில்லை.

மறு அடியையும் நானே பாடிக்கொள்கிறேன். இரு குரல் வேண்டிய கடைக்காப்பை மட்டும் பாடுவதில்லை. இன்று காலையும் அதற்கு முன் நிறுத்தினேன்.

“முடிச்சிட்டு வாங்களேன், தோசை ஆறுது,” என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. “அவன் சந்தைக்குப் போயிட்டான். சாயந்தரம்தான் வருவான்.”

“சொல்லிட்டுப் போனானா?”

“இல்ல. பொழுது சாய்ஞ்சா வராம எங்க போவான்?”

விளக்கில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டு, பதிகத்தை அப்படியே வைத்துவிட்டுச் சாப்பிட எழுந்தேன்.