செம்பில் புடைத்து நின்ற நாமம்

இதை எழுத எனக்குப் பல வருடம் தைரியம் வரவில்லை. பெருமாள் சம்பந்தப்பட்டது என்பது ஒரு காரணம். நான் சொன்ன பொய்யும் கூடவே வெளியே வரும் என்பது இன்னொன்று.

எண்பதுகளின் தொடக்கம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட் ஒன்றில் எனக்கு வேலை. எங்கள் தெரு பஜனைக்குச் சின்னதாக ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுக்க ஆசைப்பட்டேன். அதற்கான போர்டில் தாமிரத்தகடு ஒட்டியிருக்கும். கரண்ட் ஓடக் கோடு வேண்டிய இடத்தில் எனாமல் பெயிண்ட் பூசி, திராவகத்தில் போட்டால், பெயிண்ட் இல்லாத தாமிரத்தை அது தின்றுவிடும். அந்தத் திராவகத்துக்கு மெட்ராஸ் போக வேண்டும். நான் ஷெட் ஸ்டோரில் கேட்டு வாங்கிய ஆசிட்டில் துருப்பிடித்த ஆணிகளை ஊறப்போட்டு நானே தயாரித்தேன். நாலைந்து நாளில் நல்ல பழுப்பாக வந்தது. வாயகன்ற பெரிய ஊறுகாய் ஜாடியில் ஊற்றிக் கொல்லையில் வைத்தேன்.

என் மனைவி அது என்னவென்று கேட்டாள். ஆசிட் என்றால் வீட்டுக்குள் விடமாட்டாள். செம்பு தேய்க்கிற பழைய புளிக்கரைசல் என்றேன்.

புரட்டாசி வந்தது. சனிக்கிழமை கோவிந்தா போட்டு அரிசி வாங்கப் போகும் தாமிரச் செம்பில், போன வருடம் அவள் எனாமலில் போட்ட நாமம் அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நான் வேலைக்குப் போனதும் அந்தச் செம்பை என் 'புளி'யில் முக்கி வைத்திருக்கிறாள். சாயங்காலம் எடுத்துக் கழுவி, புதிதாக நாமம் போடலாம் என்று மண்ணெண்ணெயால் பழைய பெயிண்டைத் துடைத்தாள். பெயிண்ட் இருந்த இடத்தில் நாமம் தாமிரத்திலேயே புடைத்து நின்றது.

நான் வரும்போது வாசலில் ஏழெட்டுப் பெண்கள், உள்ளே கற்பூரம். மனைவியின் விரல்கள் மருதாணி வைத்தது போல மஞ்சள் பூத்திருந்தன. "செருப்ப அங்கியே வுடுங்க. பெருமாள் வந்துக்கிறாரு" என்றாள். காலையில் செம்பைக் கோயிலுக்கு எடுத்துப் போவதாகப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணமாகி அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் அது போய்விடும். திறக்காவிட்டால் நாளைக்கு என் ஆசிட்டுக்கு ஆரத்தி எடுப்பார்கள். பெருமாளே, மன்னிச்சிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, ஆணியிலிருந்து எனாமல் வரை எல்லாவற்றையும் எல்லார் முன்னாலும் சொன்னேன்.

மனைவி செம்பைக் கீழே வைத்தாள்.

"பெருமாள் வரலன்னா போவுது. எங்கிட்ட இன்னாத்துக்கு புளின்னு சொன்னீங்க?"

அடுத்த வீட்டம்மாதான் மெல்லக் கேட்டார்: "அண்ணே, எங்க வீட்டு அண்டாவுல என் பேர் இந்த மாதிரி வருமா?"

அந்த மாதம் முழுக்க எங்கள் கொல்லையில் அண்டாவும் குண்டானும் வரிசையில் நின்றன. மனைவிதான் எனாமலில் பேர் எழுதினாள்; அதைச் சுற்றி நான் திராவகத்தைத் தடவினேன். என்னோடு பேச்சு மட்டும் தீபாவளி வரைக்கும் ரொம்பக் கம்மி. போர்டுக்குத் திராவகம் மிஞ்சவில்லை.

விஷயம் அதோடு முடிந்தது என்றிருந்தேன். சில வருடம் கழித்து காட்பாடி ஸ்டேஷனில், ஆம்பூரில் ஒரு செம்பில் பெருமாள் தானாக எழுந்த கதையை முன்பின் தெரியாத ஒருவர் எனக்கே சொன்னார். நம்பாத புருஷன் அதை ஆசிட்டில் கரைக்கப் பார்த்தானாம், இரண்டு கண்ணும் போய்விட்டதாம். கண்ணாடிகூட இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகையால் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து நாலு பேருக்குச் சொல்லுங்கள். இருக்கிறபடியே சொல்லுங்கள். பெருமாளுக்காக எதையும் சேர்க்க வேண்டாம். எனக்காக அந்தப் புளியை விட்டுவிடவும் வேண்டாம்.