பிரதிவாதி ஆஜர்

என் பேச்சுப்போட்டிக் கோப்பைகளுக்கு நடுவே, ஊதா முத்திரையிட்ட ஒரு நகல் தாள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. நீதிமன்றத்தில் அன்றன்று நடந்ததை எழுத்தர் குறித்துவைக்கும் பதிவு அது. புனேயில் அதை ரோஜ்நாமா என்பார்கள். அதில் மூன்று தேதிகள். முதலிரண்டுக்கு எதிரே, 'பிரதிவாதி உடல்நலமின்றி வரவில்லை' என்று மராத்தியில் எழுதியிருக்கிறது. அவ்விரு நாள்களிலும் பிரதிவாதியான என் அத்தை, நீதிமன்ற வளாகத்தில் நோட்டரிகளின் மேசைகளுக்கு அருகே, தயிர்ச்சோற்றுத் தூக்குடன் நலமாகவே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான் இருந்தேன்.

ஏரவாடாவில் அத்தை குடியிருக்கும் ஒற்றை அறையைக் காலிசெய்யச் சொல்லித் தொடரப்பட்ட வழக்கு அது. அவர் சாட்சி சொன்னால்தான் அறை மிஞ்சும். இருமுறையும் எங்கள் வக்கீல் வெளியே வந்து, நீதிபதி விடுப்பு என்று இந்தியில் சொல்லி எங்களை அனுப்பிவைத்தார். விடுப்பிலிருக்கும் நீதிபதியின் அறைக்குள் மனிதர்கள் ஏன் கோப்புகளோடு போய்வருகிறார்கள் என்ற ஐயம் எனக்கு எழுந்தது. எதிர்த்தரப்பு வக்கீலோடு அவர் தேநீர் அருந்தியதையும் பார்த்தேன். அது குற்றமன்று. ஆனால் எங்களைக் கண்டதும் பாதிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்றாம் தவணையில் அத்தையை வற்புறுத்தி உள்ளே அழைத்துப்போய்க் கடைசிப் பெஞ்சில் அமர்த்தினேன். எங்களைப் பார்த்தும் வக்கீல் அஞ்சவில்லை. வெளியாரிடம் இந்தியில் பேசுவது எங்கள் வீட்டு வழக்கம். அதைக் கொண்டு எங்களுக்கு மராத்தி வராது என்று அவர் முடிவுகட்டியிருந்தார். தொழிற்சாலைக் கேண்டீனில் மராத்திப் பெண்களோடு அத்தை வருடக்கணக்கில் பாக்ரி ரொட்டி தட்டியவர் என்பது அவருக்குத் தெரியாது. வழக்கு அழைக்கப்பட்டதும் எழுந்து, நிறுத்தமறிந்த இனிய குரலில், தம் கட்சிக்காரர் மருத்துவமனையில் இருப்பதாக மராத்தியில் சொன்னார். மேடைக்காக நான் பழகிய அதே குரல். இனித் தவணை கிடையாது, பிரதிவாதி சாட்சி இல்லாமலே விசாரணையை முடித்துவிடுகிறேன் என்று நீதிபதி பேனாவைத் திறந்தார்.

நான் எழுந்தேன். "மாண்பமை நீதிமன்றமே" என்று நான் தொடங்கிய உரை என்னையறியாமல் தமிழில் வந்தது. எழுத்தர் சிரித்தார். நீதிபதி உட்காரச் சொன்னார்.

"நீ சும்மா இருல, வழிய விடு," என்று என் முழங்காலைத் தள்ளிக்கொண்டு அத்தை முன்னே நடந்தார். கையில் தூக்கு ஆடியது.

"சாஹேப், மீ இத்தேச் ஆஹே," என்றார். ஐயா, நான் இங்கேயேதான் இருக்கிறேன். ஆதார் அட்டையை எடுத்து எழுத்தரின் மேசைமேல் வைத்தார்.

அம்மா குணமாகி வந்துவிட்டார் போலும் என்றார் வக்கீல். நீதிபதி ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். பிறகு அத்தையைச் சாட்சிக் கூண்டில் ஏறச் சொன்னார்.

அந்த மாலையே பதிவின் நகல் கேட்டு மனுக்கொடுத்தோம். நகல் வந்ததும் அத்தை வக்கீலை மாற்றினார். வழக்கறிஞர் மன்றத்துக்குப் புகாரும் அனுப்பினார். நான் ஆறு பக்கம் எழுதியிருந்த புகாரை அவர் இரண்டு தேதிகளாகக் குறைத்தார். புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. அந்த மனிதர் விலைபோனாரா, சோம்பலில் பொய் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வழக்கும் முடியவில்லை, அத்தை அதே அறையில்தான் இருக்கிறார். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் நகல் பிரிவின் வரிசையில் போய் நிற்கிறார்.

"புது வக்கீல் நல்லவர்தானே அத்தை?" என்று கேட்டேன்.

"நல்லவருதாம்ல. நல்லவரு சொன்னத வாசிச்சுப் பாத்தா என்ன, தேஞ்சா போவும்?"

கண்ணாடிக்குள் இருக்கும் தாளில் மூன்றாம் தேதிக்கு எதிரே, 'பிரதிவாதி நேரில் ஆஜர்' என்று எழுதியிருக்கிறது. என் உரையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.