இரண்டு வரிசை, ஒரு தூக்குவாளி

நோன்பு மாதத்தில் மாலை ஐந்தரைக்கு மேல் ஷார்ஜாவின் சிக்னல்களில் ஒரு காட்சி நடக்கும். சிவப்பு விழுந்து வண்டிகள் நின்றதும் பச்சை பனியன் மாட்டிய தொண்டர்கள் ஓடி வந்து ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு பொட்டலத்தை நீட்டுவார்கள். உள்ளே மூன்று பேரீச்சம்பழம், ஒரு தண்ணீர், ஒரு மோர். வீடு போய்ச் சேருமுன் பாங்கு சொல்லிவிட்டால் வழியிலேயே நோன்பு திறந்துகொள்ளலாம். பெரிய கார்க்காரரும் வாங்குவார், லாரி ஓட்டுபவரும் வாங்குவார். எங்கள் ஊர் திண்டுக்கல்லில், பஸ் ஸ்டாண்டு முக்கில் காருக்கு வெளியே நிற்கும் கை வாங்குகிற கை. இங்கே அதுதான் கொடுக்கிற கை. முதன்முதலில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன ஊர், என்ன மனசு என்று வீட்டுக்கு வாய்ஸ் மெசேஜ் கூட அனுப்பினேன். அதை இப்போது கேட்டால் எரிச்சலாக இருக்கிறது.

நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நோன்பு வந்தால் எங்களுக்கு வேலை கூடும். ஹோட்டல்களும் கூடாரங்களும் நோன்பு திறக்கும் இஃப்தாருக்குத் தரும் சாப்பாட்டின் மாதிரிகள் டப்பா டப்பாவாக வரும். வெறும் வயிற்றோடு ஹரீஸ் என்கிற கோதுமைக் கறிக் களியையும் பிரியாணியையும் கிளறி, கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதில் எனக்குப் பெருமைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அத்தா பேகம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று முப்பது வருஷம் தோல் அலசியவர். அவர் மகள் எம்.எஸ்.சி. படித்து, வெள்ளைக் கோட்டு போட்டு, அரபு நாட்டுச் சாப்பாட்டுக்கே சான்றிதழ் கொடுக்கிறாள். அத்தா டீக்கடையில் இப்படித்தான் சொல்வார். "எம்மக அங்க ஆபீசர்."

வந்த முதல் நோன்பின் முதல் வாரம், என் கட்டடத்துக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் இஃப்தார் கூடாரம் போட்டிருந்தார்கள். மதில் ஓரமாகப் பெண்கள் வரிசை. பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ஓடிப்போய், அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய தூக்குவாளியை எடுத்து வந்து கடைசியில் நின்றுகொண்டேன்.

எங்கள் தெருவில் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்கள். குருணை அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி போட்ட நோன்புக் கஞ்சி. பள்ளிவாசல் பக்கவாட்டுக் கதவில் தூக்குவாளிகளோடு வரிசை நிற்கும். நோன்பு வைத்தவர்கள், வைக்காதவர்கள், பிள்ளைக்கு வயிற்று வலி என்று வாங்க வரும் இந்து வீட்டுப் பெண்கள், எல்லாரும் நிற்போம். பக்கத்து வீட்டுச் செல்வியக்காவும் நானும் எப்போதும் சேர்ந்தே போவோம். அங்கே கஞ்சிக்கு நிற்பது ரேஷனுக்கு நிற்பது போலக்கூட இல்லை, குழாயடியில் நிற்பது போல. யாரும் யாரையும் பாவம் என்று பார்த்ததில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன். தோல் ஷாப் முதலாளி வீட்டு டிபன் கேரியர் மட்டும் வரிசைக்கு வராமல் உள்வாசல் வழியாகப் போய், கறி மிதக்க நிரம்பி வரும். அதைச் செல்வியக்காவும் நானும் எப்படிப் பார்த்தோம் என்பது இங்கே வந்து நின்ற அன்றைக்கு எனக்கு ஞாபகம் வரவில்லை.

எனக்கு முன்னால் நின்ற இலங்கைக்கார அக்கா திரும்பிப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, உங்கட மேடம் சாப்பாடு தாறதில்லையா?"

"எந்த மேடம்? நான் வீட்டு வேலைக்காரி இல்ல. லேப்ல வேல பாக்குறேன். எம்.எஸ்.சி."

கேட்காத படிப்பையும் சேர்த்துச் சொன்னேன். அந்த அக்கா ஓரடி நகர்ந்து நின்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அது வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கான வரிசை என்று எழுதி வைக்கவில்லையே தவிர, என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்த அரபுப் பெண்ணுக்கு என் தூக்குவாளியை ரொம்பப் பிடித்துப் போனது. கையில் வாங்கி, மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். இன்னொரு தொண்டர் போனை உயர்த்தினார். பெருநாள் போட்டோ மாதிரி நானும் பல் தெரியச் சிரித்தேன்.

மூன்றாம் நாள் அத்தா கூப்பிட்டார். கூடாரம் போட்ட தர்ம அமைப்பின் இணையப் பக்கத்தில் வந்த என் படத்தைத் துபாயிலிருக்கும் எங்கள் தெருக்காரர் யாரோ பார்த்து, ஊர் மொஹல்லா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார். ஏழைப் பணிப்பெண்களின் முகத்தில் புன்னகை என்று அதில் எழுதியிருந்ததாம்.

"ஏந்தாயி, அங்க சம்பளம் கிம்பளம் ஒழுங்காத் தர்றாய்ங்களா?"

"தர்றாங்கத்தா."

"அப்பறம் எதுக்குக் கஞ்சிக்கு நின்ட?"

"நம்ம ஊர்ல நிக்கலையா?"

"இங்க நின்டா அது நம்ம பள்ளிவாசல் தாயி. அங்க நின்டா பிச்ச." என்றார். "டீக்கடையில கேக்குறாய்ங்க, 'என்ன பாய், ஆபீசரம்மா தூக்குவாளியோட நிக்கிது'ன்னு. நான் பாதி டீயில எந்திரிச்சு வந்துட்டேன்."

முப்பது வருஷம் தோல் நாற்றத்துக்காக மூக்கைப் பொத்தியவர்கள் முன்னால் அவர் பொறுக்கிச் சேர்த்த ஒரே ஒரு மரியாதை நான். அதை ஒரு சிரிப்பில் கொட்டிவிட்டேன்.

அன்று மாலையே கூடாரத்துக்குப் போய், படத்தை நீக்கச் சொன்னேன். அந்த அரபுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தேவைப்படுவதில் வெட்கம் இல்லை, சகோதரி. எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்திருக்கிறாய்!" என்றார். நான் என் அடையாள அட்டையைக் காட்டினேன். படித்தார். முகம் மாறியது. "அப்படியென்றால் ஏன் வரிசையில் நின்றாய்? அந்தச் சாப்பாடு வேறொருத்திக்குக் கிடைத்திருக்குமே" என்றார். எங்கள் ஊர்ப் பக்கவாட்டுக் கதவை எந்த மொழியில் சொல்லிப் புரிய வைப்பது? படத்தை அழித்துவிட்டார். திண்டுக்கல்லில் அது அழியவில்லை.

கடைசிப் பத்து நோன்புக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். அத்தா எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். எங்கள் பள்ளிவாசலில் ஒருநாள் கஞ்சியை ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ளலாம். அவர்கள் பெயரை வாசல் கரும்பலகையில் எழுதுவார்கள். மறுநாள் பலகையில் இருந்தது: இன்றைய நோன்புக் கஞ்சி, ரஹ்மத் நிஷா எம்.எஸ்.சி., ஷார்ஜா. அத்தா தன் பெயரைப் போடச் சொல்லவில்லை.

"வரிசப் பக்கம் போயிறாத. கரண்டியப் பிடி. நாலு பேரு பாக்கட்டும்" என்றார்.

பக்கவாட்டுக் கதவில் அண்டாவுக்குப் பின்னால் நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து வரிசையை நான் பார்த்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் முதலில் பாத்திரங்கள்தான் தெரிகின்றன, முகங்கள் அப்புறம். வரிசையில் ஏழாவது ஆளோ எட்டாவது ஆளோ செல்வியக்கா. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, வேடசந்தூர் மில்லுக்குப் போய்க்கொண்டிருப்பவள். மில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்திருந்தாள், தலைமுடியில் பஞ்சு.

"அடி ஆத்தீ, நீயா ஊத்துறவ? அப்பக் கறி கெடக்குற பக்கமாப் பாத்து ஊத்து புள்ள. சின்னவனுக்கு வகுறு சரியில்ல."

அடியிலிருந்து அள்ளி ஊற்றினேன். பின்னால் அத்தா போனை உயர்த்தினார். "தாயி, இங்கிட்டுப் பாரு" என்றார். செல்வியக்கா குனிந்து மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"செத்த நிமிந்து சிரியக்கா" என்றது என் குரல்தான்.

அவள் நிமிர்ந்தாள். சிரித்தாள். மூடியை அழுத்திக்கொண்டே என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்: "இத எங்கிட்டும் போட்டுறாதீக புள்ள. மில்லுல ஒருத்தி பாத்தாலும் போதும், கஞ்சிக்கு நிக்கிறாடின்னு சிரிப்பாளுக."

அவள் என்னிடம் 'போட்டுறாதீக' என்று மரியாதை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

திரும்பிப் பார்த்தேன். சுண்ணாம்பு அரித்த அத்தாவின் விரலுக்கு டச் ஸ்கிரீன் லேசில் மசியாது. நாலைந்து தரம் அழுத்துவார். அன்று ஒரே தடவையில் மசிந்துவிட்டது. "குரூப்புல போட்டுட்டேன் தாயி" என்றார். என் படம் வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் காணாமல் போயிருந்தது திரும்பி வந்திருந்தது. அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செல்வியக்கா தூக்குவாளியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வேகமாகப் போனாள். பெருநாளன்று பிரியாணி கொண்டு போனபோது அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தட்டியும் திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடியது.

இந்த வருஷம் மறுபடியும் நோன்பு வந்துவிட்டது. நேற்று எங்கள் பஸ் அதே சிக்னலில் நின்றது. தொண்டர் ஒருவர் என் ஜன்னலுக்கு நேராகப் பொட்டலத்தை நீட்டினார். கண்ணாடியைத் தள்ளிக் கையை நீட்டினேன். நீட்டும்போதே அவர் பின்னால் யாராவது போன் பிடித்திருக்கிறார்களா என்று தேடினேன். யாருமில்லை. ஆனாலும் கை பாதியில் நின்றுவிட்டது. முழங்கை வரை வெளியே, மீதி பஸ்ஸுக்குள்ளே. அது வாங்கப் போன கையா, தடுக்கப் போன கையா என்று அவருக்கும் தெரியவில்லை. பச்சை விழுந்தது.